பணியிடத்தில் ‘வேப்’ தடையும் எதிர்ப்புக் குரல்களும் – ஒரு பார்வை

முன்னுரை

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் “எந்த ஊர்?” என்று கேட்ட தோழிகளிடம் “கமுந்திங்” என்றேன். “அந்தத் தடுப்பு முகாம் இருந்த ஊரா?” என்பதே பலரின் அடுத்த கேள்வி. 2007 டிசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டது எங்கள் ஊரில்தான். அப்போது எனக்கு நான்கு வயது. அச்சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. ஆனாலும், ‘அரசாங்கம் தடுக்கிறது’, ‘தனிமனித உரிமை’ போன்ற சொற்களை எங்கள் ஊர்க்காரர்கள் இலேசாகப் பயன்படுத்துவதில்லை.

இந்தச் சொற்களை நான் அடிக்கடி கேட்டது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அரசியல் காரணமல்ல, ‘வேப்’ எனப்படும் மின்சிகரெட்டே காரணம். என் அண்ணன் கமுந்திங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே வளாகத்துக்குள் வேப் ஊதத் தடை. “இது என் உரிமையில கை வைக்கிறது” என்பது அண்ணனின் கட்சி. அம்மா ஓர் உணவகத்தில் மேசைகளுக்குத் தே தாரிக்கும் ரொட்டியும் கொண்டு போகிறவர். அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

தடையை எதிர்ப்பவர்கள் எல்லாரும் வியாபாரிகளின் குரல்கள் என்று காட்டிவிடலாம் என்றுதான் இக்கட்டுரைக்கான வாசிப்பைத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, விஷயம் அவ்வளவு எளிதல்ல என்று புரிந்தது. எதிர்ப்பாளர்களின் வாதங்களுள் எவை நிற்கின்றன, எவை விழுகின்றன என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் வந்த வழி

வேப்பைக் குறித்த நம் நாட்டு விவாதம் 2015-இல் சூடு பிடித்தது. முழுத் தடை வேண்டும் என்று ஒரு சாராரும், உள்ளூர் வியாபாரிகள் வளர விடுங்கள் என்று மறு சாராரும் வாதிட்டனர். அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் டாக்டர் ச. சுப்பிரமணியம். அமைச்சரவை முழுத் தடை விதிப்பதில்லை என்று முடிவெடுத்தது. அதே ஆண்டு இறுதியில் தேசிய ஃபத்வா மன்றம் வேப் ஹராம் என்று அறிவித்தது. ஜொகூர் மாநிலம் 2016 ஜனவரி முதல் அதன் விற்பனையைத் தடை செய்தது.

அடுத்த கட்டம் உணவகங்கள். 2018 அக்டோபரில், உணவகங்களில் புகைபிடிக்கத் தடை வரப்போகிறது என்று அறிவித்தவர் அன்றைய துணைச் சுகாதார அமைச்சர் டாக்டர் லீ பூன் சாய். நமது பேராக்கின் கோப்பேங் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 2019 ஜனவரி 1 முதல் தடை நடப்புக்கு வந்தது. புகைப்பவர் உணவகத்திலிருந்து 3 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். முதலாம் ஆண்டு அறிவுறுத்தலோடு விட்டார்கள். 2020 ஜனவரியிலிருந்து அபராதம்.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. ஏழு பேர் சேர்ந்து, இத்தடை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றப் பரிசீலனை கோரினார்கள். 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆனால் உணவகங்களில் வேப் ஊதியவர்கள் “இது சிகரெட் இல்லையே” என்று தொடர்ந்து வாதிட்டு வந்தார்கள்.

2023 ஏப்ரலில் ஒரு திருப்பம். வேப் திரவத்துக்கு வரி விதிக்க வசதியாக, அதிலுள்ள நிக்கோட்டின் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. சிறுவர்களுக்கு விற்பதைத் தடுக்கும் புதிய சட்டம் வருவதற்கு முன்பே இது நடந்ததால் பயனீட்டாளர் அமைப்புகளும் மருத்துவர்களும் கண்டித்தனர். 2007-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு என்றுமே புகைப்பொருள் விற்கக் கூடாது என்ற தலைமுறைத் தடைத் திட்டமும், அரசமைப்புச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு கூறும் சமத்துவத்துக்கு முரணாகும் என்ற சட்டத்துறைத் தலைவரின் கருத்தையடுத்துக் கைவிடப்பட்டது. எஞ்சிய மசோதா 2023 நவம்பர் 30-இல் மக்களவையில் நிறைவேறியது. அதுவே 852-ஆவது சட்டம். 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. இச்சட்டத்தில் சிகரெட்டும் வேப்பும் ஒரே வரையறைக்குள் வருகின்றன. ‘இது சிகரெட் இல்லை’ என்ற வாதம் சட்டப்படி அன்றோடு முடிந்தது.

எதிர்ப்பாளர்கள் சொல்வது என்ன?

எதிர்ப்புக் குரல்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, உரிமை வாதம். வயது வந்தவன், சட்டப்படி விற்கும் ஒரு பொருளைத் தன் பணத்தில் வாங்கித் தன் உடம்பில் பயன்படுத்துகிறான். இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? அந்த ஏழு பேரின் மனுவுக்கு அடிப்படை இதுதான். அமெரிக்காவின் நியூயார்க் நகரம் 2013 டிசம்பரில் தன் புகையற்ற காற்றுச் சட்டத்தில் மின்சிகரெட்டையும் சேர்த்தபோது, அங்கேயும் புகைப்போர் உரிமை அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்துத் தோற்றது.

இரண்டாவது, பிழைப்பு வாதம். தடை வந்தால் கூட்டம் குறையும், கடை படுத்துவிடும் என்பது. அயர்லாந்து 2004 மார்ச் 29 அன்று, மதுக்கூடங்கள் உட்பட எல்லா உள்ளரங்கப் பணியிடங்களிலும் புகைபிடிப்பதைத் தடை செய்த முதல் நாடானது. அங்குள்ள மதுக்கூட உரிமையாளர்கள் இதே அச்சத்தைத்தான் எழுப்பினார்கள். ஆனாலும் சட்டம் நிலைத்தது. பல நாடுகள் அதைப் பின்பற்றின.

மூன்றாவதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அதைத் ‘தீங்கு குறைப்பு’ வாதம் எனலாம். சிகரெட்டில் புகையிலை எரிகிறது. எரிவதால் தார் உண்டாகிறது, கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. வேப்பில் எதுவும் எரிவதில்லை. ஒரு திரவம் சூடாகி ஆவியாகிறது. எனவே சிகரெட்டை விட முடியாதவருக்கு இது தீங்கு குறைந்த மாற்று என்பது வாதம். இதை வியாபாரிகள் மட்டும் சொல்லவில்லை. பிரிட்டனின் அரச மருத்துவர் கல்லூரி 2016-இல் வெளியிட்ட அறிக்கை இக்கருத்தை ஆதரித்தது. நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம் ஆகியவற்றைவிட நிக்கோட்டின் கலந்த மின்சிகரெட் அதிகம் பேரைச் சிகரெட்டிலிருந்து விடுவிக்கிறது என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் கூறுகிறது.

வேல்ஸ் நாட்டில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள அரசாங்கம், பொது இடங்களின் உள்ளேயும் பணியிடங்களின் உள்ளேயும் மின்சிகரெட்டுக்குத் தடை விதிக்கும் மசோதாவைக் கொண்டு வந்தது. புகைபிடித்தலை ஒழிக்கப் பாடுபடும் அமைப்புகளுள் சிலவே அத்தடையை எதிர்த்தன. கட்சிச் சண்டையும் சேர்ந்துகொள்ள, 2016 மார்ச்சில் வாக்குகள் சமமாகப் பிரிந்து மசோதா வீழ்ந்தது. மறு ஆண்டு வந்த புதிய சட்டத்தில் அந்தப் பகுதியே இல்லை.

அதே 2016-இல் இங்கிலாந்துப் பொதுச் சுகாதார அமைப்பு பணியிடங்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் ஒரு கருத்து: வேப்புக்கு மாறியவரைச் சிகரெட் புகைப்பவர்களோடு ஒரே இடத்தில் நிற்கச் சொன்னால், அவர் மறுபடியும் சிகரெட்டுக்கே திரும்பக்கூடும்.

இதை வாசித்தபோது எனக்கு அண்ணன் நினைவு வந்தது. அவர் எஸ்.பி.எம். முடித்த கையோடு சிகரெட் பிடிக்கத் தொடங்கியவர். நாளுக்கு ஒரு பெட்டி. மூன்று ஆண்டுகளுக்கு முன் வேப்புக்கு மாறினார். அதற்குப் பின் சிகரெட்டைத் தொட்டதில்லை. அவர் சொன்னது இது:

“பத்து நிமிசம்தான் ரெஸ்ட். கேட்டுக்குப் போய்ட்டு வரவே ஆறு நிமிசம் ஆவுது. அங்க நிக்கிறவன் எல்லாம் சிகரெட் குடிக்கிறவன். நான் விட்டதையே கண்ணு முன்னால காட்டுறானுங்க. நீ படிச்ச பிள்ளை, நீயே சொல்லு. இது எனக்கு நல்லதுக்கா?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் அறியாமலே அந்த வழிகாட்டியின் வாதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆவியில் இருப்பது என்ன?

அப்படியானால் தடையே தவறா? இங்கேதான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு’ என்பதும் ‘தீங்கில்லை’ என்பதும் ஒன்றல்ல. வேப்பிலிருந்து வருவது வெறும் நீராவி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது புரோப்பிலீன் கிளைகோல், கிளிசரின், நறுமணப் பொருள்கள், பெரும்பாலும் நிக்கோட்டின் ஆகியவற்றின் நுண்துளிகள். ஊதுபவர் வெளியே விடும் ஆவியிலும் இவை உள்ளன. மூடிய அறையில் அருகில் இருப்பவரின் மூச்சிலும் போகின்றன. அளவு சிகரெட் புகையைவிடக் குறைவு. ஆனால் சுழியம் அல்ல. இப்பொருள் சீன மருந்தாளர் ஹோன் லிக் 2003-இல் உருவாக்கிய வடிவத்திலிருந்து பரவியது. அதாவது என் வயதுதான் அதற்கும். முப்பது, நாற்பது ஆண்டுகள் அதைச் சுவாசித்தவரின் நுரையீரல் எப்படியிருக்கும் என்று சொல்ல, அப்படிச் சுவாசித்தவர் இன்னும் எவருமில்லை.

‘நிரூபணம் வரட்டும், பிறகு தடை செய்யுங்கள்’ என்று எதிர்ப்பாளர்கள் கேட்கலாம். இக்கோரிக்கைக்கு வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. பிறர் விடும் புகையும் கெடுதல் என்று சிகரெட்டைப் பற்றி நிறுவவே நெடுங்காலம் ஆனது. 1981-இல்தான் ஜப்பானிய ஆய்வாளர் தக்கேஷி ஹிராயாமா, தாம் புகைக்காத 90,000-க்கும் மேற்பட்ட மனைவியரைத் தொடர்ந்து கவனித்து, கணவர் புகைபிடிக்கும் வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று காட்டினார். சிகரெட் நிறுவனங்கள் அவ்வாய்வைக் குறை கூறின. அயர்லாந்தின் சட்டம் வந்தது அதற்கு 23 ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட ஆண்டுகளில் புகை நடுவே தட்டு ஏந்தியவர்கள், நிரூபணம் வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கவில்லை.

உணவகம் யாருடைய இடம்?

நீதிமன்றம் போன ஏழு பேரும் புகைப்போர். கடை படுத்துவிடும் என்றவர்கள் உரிமையாளர்கள். ‘புகை வேண்டாம்’ என்றவர்களில் பலர் குடும்பத்தோடு சாப்பிட வருபவர்கள். இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒருவர் இருக்கிறார். வாடிக்கையாளருக்கு உணவகம் அரைமணி நேரம் தேநீர் குடிக்கும் இடம். ரொட்டி தட்டுபவருக்கும், மேசை துடைப்பவருக்கும், என் அம்மாவுக்கும் அது பணியிடம். வாடிக்கையாளர் பிடிக்கவில்லையென்றால் எழுந்து அடுத்த கடைக்குப் போகலாம். அம்மா பத்து மணி நேரம் அங்கேதான் நிற்க வேண்டும்.

அம்மா வேலை செய்யும் கடையில் ‘புகைபிடிக்கக் கூடாது’ என்ற அறிவிப்பு சுவரில் இருக்கிறது. அதன் கீழேயே மூன்றாம் மேசை. அங்கே மாலையில் வரும் கூட்டம் மாம்பழ வாசம் வீச வேப் ஊதும். அம்மாவுக்குச் சளித் தொல்லை உண்டு. வேப்பால்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன், முன்பிருந்தே உண்டு. ஆனால் அந்த மேசைக்குப் போய்வந்தால் இருமல் கூடுகிறது என்கிறார். “நீங்க சொல்லலாமேம்மா” என்று ஒருநாள் கேட்டேன். “நான் எப்படிம்மா சொல்றது? காசு கொடுக்கிறவங்க அவங்க. நாளைக்கு வரலன்னா முதலாளி யாரைக் கேப்பாரு?” என்றார்.

உரிமை வாதத்தின் ஓட்டை இங்கே தெரிகிறது. தன் உடம்பில் ஒருவர் செய்வது அவருடைய உரிமை என்பதை ஏற்கலாம். ஆனால் கூரைக்குக் கீழே விடும் மூச்சு அவர் உடம்போடு நிற்பதில்லை. ‘வேண்டாம்’ என்று சொல்லும் நிலையில் இருப்பவரிடம் போனால் அவர் சொல்லிவிடுவார். சொல்ல முடியாத ஒருவரிடம் போகும்போது, அவருக்காகச் சட்டம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைப் பற்றிப் பாட்டியிடம் பேசினேன். அவர் தைப்பிங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டியவர். பின்னர் ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை செய்தவர். நாட்கணக்கில் விறகுப் புகை. கண் எரியும், தொண்டை கட்டும். “யாராவது கேட்டாங்களா பாட்டி?” என்றேன். “ஷீட்டு நல்லாக் காஞ்சிருக்கான்னு கேப்பாங்க” என்றார். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 1994-ஆம் ஆண்டு தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளரின் உடல்நலத்தைக் காக்கும் கடமையை முதலாளி மீது வைக்கிறது. 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அது பெரும்பாலான பணியிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. ஆகவே மூன்றாம் மேசைக்காரரிடம் “வெளியே போங்கள்” என்று சொல்ல வேண்டியவர் அம்மா அல்லர், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்.

இரண்டு கேள்விகள்

இதுவரை பார்த்ததிலிருந்து எனக்குத் தெளிவானது இதுதான். நாம் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். ‘வேப்பை விற்கலாமா?’ என்பது ஒன்று. ‘எங்கே ஊதலாம்?’ என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருக்கிறது. தமிழ்நாடு 2018-இலும், இந்தியா முழுவதும் 2019-இலும் விற்பனையைத் தடை செய்தன. சிங்கப்பூரில் 2018 முதல் வைத்திருப்பதே குற்றம். நம் நாட்டில் திரங்கானு 2025 ஆகஸ்டு 1 முதல் விற்பனையை நிறுத்தியது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் முழுத் தடையை வலியுறுத்தி வந்துள்ளது. பிரிட்டனோ எதிர்த்திசையில், புகைப்போரை வேப்புக்கு மாறச் சொல்கிறது. சிகரெட்டை விட்ட என் அண்ணனைப் போன்றவர்களின் அனுபவத்துக்கு இக்கேள்வியில் இடமுண்டு; எதிர்ப்பாளர்களின் தீங்கு குறைப்பு வாதம் இங்கே வலுவானது. பள்ளி மாணவர் கையில் அது போய்ச் சேரும் ஆபத்து மறுபக்கத்து வாதம்.

ஆனால் அந்த வலு இரண்டாம் கேள்விக்குச் செல்லாது. வேப் அண்ணனுக்கு நன்மை செய்திருக்கலாம். என்றுமே புகைக்காத அம்மாவுக்கு அது எந்தத் தீங்கையும் குறைக்கவில்லை, புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது. ஒருவருக்கு மருந்தாக அமைவதை எல்லாருடைய காற்றிலும் கலக்கத் தேவையில்லை. எனவே உணவகத்திலும் மற்றப் பணியிடங்களின் உள்ளேயும் தடை இருப்பதே நியாயம் என்பது என் முடிவு.

அதே வேளையில், தடை போடுபவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தொழிற்சாலைகள் வேப்புக்கு மாறியவர்களுக்குத் திறந்த வெளியில், சிகரெட் புகைப்போரிடமிருந்து தனியாக, நடந்து போய்வர நேரம் விரயமாகாத ஓர் இடம் ஒதுக்கலாம். அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பழக்கத்தை விட உதவும் ‘எம்குவிட்’ சேவை இருக்கிறது. ‘இங்கே ஊதாதே’ என்ற பலகை மாட்டும் கையோடு அந்தச் சேவையின் விவரத்தையும் ஒட்டலாம். தடையை மட்டும் காட்டி உதவியைக் காட்டாதபோதுதான் அது தண்டனையாகத் தோன்றுகிறது.

முடிவுரை

நம் முன்னோருக்கு இந்த வகை விவாதம் புதிதன்று. 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். அன்றும் வருமானம் பெற்றது ஒரு பக்கம். உடலால் விலை கொடுத்தது வேறு பக்கம். எந்தத் தடையையும் அதன் மீதான எதிர்ப்பையும் எடைபோடும்போது, யாருடைய உடல் விலை கொடுக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும் என்பதே அவர்களிடமிருந்து நான் கற்ற பாடம்.

கட்டுரையை அனுப்பும் முன் வீட்டில் வாசித்துக் காட்டினேன். அண்ணன் முழுவதும் கேட்டார். ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார். நான் ‘நிக்கோட்டினுக்கு அடிமையானவர்கள்’ என்று எழுதியிருந்தேன். “அடிமைன்னு எழுதாத. விடப் பாக்கிறோம்னு எழுது” என்றார். அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அவர் எழுந்து வாசல் தாண்டி மதில் அருகே போய் நின்று வேப்பை எடுத்தார். வீட்டுக்குள் ஊதக் கூடாது என்று எந்தச் சட்டமும் அவருக்குச் சொல்லவில்லை.

அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மூணாம் மேசைக்காரன் இதைப் படிப்பானா?”

மூன்றாம் மேசையில் உட்காரும் எவரேனும் இம்மலரை வாசிக்க நேர்ந்தால், 3 மீட்டர் என்பது நான்கைந்து எட்டுகள்தான் என்பதை நினைவூட்டி விடைபெறுகிறேன்.